ஆறாவது முறை யாருக்கு?

நாலாவது தாளையும் சுலோச்சனா கிழித்தாள். கிழித்ததோடு விட்டாளா? சுருட்டி அடுப்பில் போட்டாள். தீ குப்பென்று ஏறி, மேலே இருந்த பால் பொங்கி வழிந்தது. அதற்கும் திட்டு எனக்குத்தான்.

"இன்னா அண்ணி நீ! ஏரிக்கரைன்னு எழுதச் சொன்னா ஏரிக்கறைன்னு எழுதி வச்சிக்கினு கீற. ஏரி இன்னா வெள்ளை வேட்டியா, கறை புடிக்க?"

சுலோச்சனா என் வீட்டுக்காரருடைய தங்கை. அப்போது பதினொன்றாவது படித்துக்கொண்டிருந்தாள். நான் அந்த வீட்டுக்கு வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. வயசில் அவளைவிட மூன்றோ நாலோ பெரியவள். படிப்பில் அஞ்சாவதோடு சரி. ஆனாலும் அவளுடைய ஆராய்ச்சிக் கட்டுரையை நான்தான் எழுதிக்கொண்டிருந்தேன். கரித்துணியைப் பிடித்துப் பாலை இறக்கிவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அஞ்சாவது தாளை எடுத்தேன்.

போன வாரம் இதே பகுதியில் என் கல்யாண வண்டி ஆரணியாற்று மணலில் மாட்டிக்கொண்டதை எழுதியிருந்தேன். இந்த வாரம் நானே மாட்டிக்கொண்ட கதை.

அந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரிதான் முக்கியம். அதை எப்படி எழுதுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பக்கத்து வயல் தேசம்மா அக்காவின் பயிருக்குத் தண்ணீர். தாளைக் கிழித்துக்கொண்டிருந்தவளுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். எனக்கு வாயைத் திறக்கத்தான் தெரியாது.

டீச்சர் போட்ட உத்தரவு

கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வரத் தொடங்கிய புதிது. எங்கள் வீட்டுக்காரர் இரும்புக் கம்பெனியில் சேர்ந்திருந்தார். சைக்கிளில் போவார், சட்டையில் தீப்பொறி பட்ட ஓட்டைகளோடு வருவார். ஊரில் பாதிப் பேர் வயல், பாதிப் பேர் கம்பெனி என்று இருந்தார்கள்.

சுலோச்சனாவின் சரித்திர டீச்சர் மதராஸிலிருந்து ரயிலில் வந்து போகிறவர். ஒருநாள் வகுப்பில் சொல்லிவிட்டாராம். ஒவ்வொருத்தியும் சொந்த ஊரைப் பற்றி இருபது பக்கம் ஆராய்ச்சிக் கட்டுரை எழுத வேண்டும். புத்தகத்தைப் பார்த்து எழுதினால் பூஜ்யம். குறைந்தது ஆறு பேரையாவது கேட்டு எழுத வேண்டும். யார் சொன்னார்கள் என்று கடைசிப் பக்கத்தில் பேர் போட வேண்டும். பிழை ஒன்றுக்கு ஒரு மார்க் போகும். நன்றாக இருக்கிற கட்டுரை திருவள்ளூரில் நடக்கப்போகும் பள்ளிக் கண்காட்சிக்குப் போகும்.

சுலோச்சனா எடுத்துக்கொண்ட விஷயம், எங்கள் ஊர் ஏரித் தண்ணீரை எப்படிப் பங்கு பிரிக்கிறோம் என்பது. விஷயம் நல்ல விஷயம்தான். அவள் கையெழுத்துதான் கோழி கிளறின மாதிரி இருக்கும்.

என் கையெழுத்து நன்றாக இருக்கும். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம், ஆனால் என்னிடம் சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் உண்டு. ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாத்தியார், அஞ்சு வகுப்பு. அவர் மற்ற வகுப்பைப் பார்க்கப் போகும்போதெல்லாம் எங்களை மணலில் எழுதவிட்டுப் போவார். எழுதினேன், எழுதினேன், அஞ்சு வருஷம் எழுதினேன். எழுத்து முத்து முத்தாக வந்தது. எந்த இடத்தில் எந்த எழுத்து என்பதுதான் வரவில்லை.

எப்படி வரும்? எங்கள் பக்கத்தில் வாழைக்கும் வாளைக்கும் ஒரே வாய்தான். பாதி ஊர் வீட்டில் தெலுங்கு பேசும். காதில் ஒன்றாக விழுவதைக் கை மட்டும் எப்படிப் பிரிக்கும்?

மதகில் பேர் சொல்ல வேண்டும்

எங்கள் ஊர் ஏரியின் சின்ன மதகு எட்டு வீட்டுக்குப் பொது. ஒரு வீட்டுக்கு ஒரு நாள். எட்டு நாளைக்கு ஒருதரம் முறை சுற்றி வரும். மதகைத் திறக்கிறவர், மடையைக் கட்டுகிறவர் எல்லாம் நீர்க்கட்டி மன்னார். காலையில் பொழுது கிளம்பும்போது அவர் மதகின் மேல் ஏறி நின்று, "இன்னிக்கு யார் முறை?" என்று சத்தம் போட்டுக் கேட்பார். முறைக்காரர் கீழே நின்று தன் பேரைச் சொல்ல வேண்டும். "கோவிந்தன் முறை" என்றால் கோவிந்தன் வயலுக்குத் திறப்பார். பேர் சொல்லாமல் திறக்கமாட்டார். அவர் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். எழுத்தில் ஒன்றும் கிடையாது. எல்லாம் வாயிலேயே.

ஏரி எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான். நாலு வருஷமாக அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டேதான் அடுப்பு மூட்டினேன். எட்டு நாளைக்கு எட்டுக் குரல்.

ஆறாவது முறை வரதன் மாமாவுடையது. ஏழாவது எங்கள் வீட்டுடையது.

வரதன் மாமா அந்த வருஷம் மழை தொடங்கும் சமயத்தில் பாம்பு கடித்து இறந்துபோனார். அவர் சம்சாரம்தான் தேசம்மா அக்கா. ரெண்டு பெண் பிள்ளைகள். இருந்த கொஞ்சம் நிலத்தில் அக்காவே கூலிக்கு ஆள் வைக்காமல் நவரைப் பருவத்து நெல் நட்டாள். தை மாதம் முறை தொடங்கியபோது ஆறாம் நாள் காலை என் மாமனாரின் குரல் கேட்டது. ஏழாம் நாளும் அவர் குரலே கேட்டது. ஒரே குரல் ரெண்டு நாள்.

மன்னார் கேட்டதற்கு, "மதகாண்ட நின்னு பேரைச் சொல்லணும். பொம்பளை எப்படி வந்து புருசன் பேரைச் சொல்லுவா? அதான் நாம பார்த்துக்கறோம். அது கசிவுலயே வெளஞ்சிக்கும்" என்றாராம். ஊரில் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. பேசக்கூடிய வயசில் இருந்தவர்கள் அவரைவிடச் சின்னவர்கள்.

கசிவில் விளையுமா? மாசி பிறந்தபோது எங்கள் பயிர் கரும்பச்சையாக நின்றது. வரப்புக்கு அந்தப் பக்கம் தேசம்மா அக்காவின் பயிர், கதிர் பொதி கட்டுகிற நேரத்தில், நுனி சுருண்டு நின்றது. கஞ்சி எடுத்துக்கொண்டு தினமும் நான் அந்த வரப்பில்தான் போக வேண்டும். எதிரில் அக்கா வந்தால், "இன்னாம்மா, சாப்ட்டியா?" என்று சிரித்தமுகமாகத்தான் கேட்பாள். எனக்குத்தான் தலை நிமிராது.

ஏழு பேர், ஆனால் எந்த ஏழு?

சுலோச்சனா முதலில் கேட்டது அவள் அப்பாவை. அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஏழு பேரைச் சொன்னார், ஆறாம் நாளும் ஏழாம் நாளும் நம்முடையது என்று சொன்னார், "என் பேரை மொதல்ல போடு" என்றும் சொன்னார். மற்ற ஆம்பிளைகள் வயலிலும் கம்பெனியிலும் இருந்ததால், அடுத்துப் பெண்களிடம் போனாள். பக்கத்து வீட்டுப் பார்வதி, தேசம்மா அக்கா, இன்னும் மூன்று பேர். சாயங்காலம் வந்து நோட்டைத் தரையில் வீசினாள்.

"பேஜாரா கீது அண்ணி! எல்லாரும் ஏழு பேருதான் சொல்றாங்க. ஆனா ஒருத்தி சொல்ற ஏழு இன்னொருத்தி சொல்ற ஏழு இல்ல. இவ சொன்னதுல அவரு இல்ல, அவ சொன்னதுல இவரு இல்ல. ஏரித் தண்ணியைக் குடிச்சி வளந்தவங்க, யாருக்கு எந்த நாளுன்னு தெரியாதா?"

நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அவளே முடிவும் சொல்லிவிட்டாள்.

"நல்ல வேளை, நைனா சொன்னதும் தேசம்மா அக்கா சொன்னதும் ஒரே மாதிரி கீது. அதே ஏழு பேரு. ரெண்டு பேரு ஒத்துப் போறாங்க இல்ல, அப்போ அதான் சரி. அப்படியே எழுதிடு."

தேசம்மா அக்காவே தன் முறை இல்லை என்று சொன்னாளா?

"அக்கா வேற ஒண்ணும் சொல்லலியா?"

"சொல்லல. கண்ணைத் தொடச்சிக்கினு இருந்தாங்க. அடுப்புப் புகை."

அன்றைக்கு எழுதாமல் தப்பித்தேன். மாவு அரைக்கணும் என்று சொன்னேன்.

சுவரில் எழுதின பாடம்

மறுநாளிலிருந்து எனக்குப் பாடம் ஆரம்பம். நாலு தாள் வீணானதும் சுலோச்சனா அடுப்புக்கரியை எடுத்து அடுப்படிச் சுவரில், உப்புப் பானைக்கு மேலே, ஜோடி ஜோடியாக எழுதிவிட்டாள். ஏரி, ஏறி. கரை, கறை. வெள்ளம், வெல்லம். அரை, அறை. வாழை, வாளை. இருபது ஜோடி இருக்கும். குழம்பு கொதிக்கும்போது கேட்பாள். தோசை திருப்பும்போது கேட்பாள். தப்பாகச் சொன்னால், "ஐயோ, ஐயோ" என்று தலையில் அடித்துக்கொள்வாள். என் தலையில் அல்ல, அவள் தலையில். அதுதான் ஆறுதல்.

எங்கள் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்து சுவரைப் பார்த்துவிட்டு, "இன்னா இது, ஊடா இஸ்கூலா?" என்றார்.

அவள் சொன்ன இலக்கணம் எதுவும் என் மண்டையில் ஏறவில்லை. கடைசியில் நானே ஒரு வழி பண்ணிக்கொண்டேன். வாழை மரத்தில் பூ கீழே தொங்கும். ழ எழுதினால் அதுவும் கீழே தொங்கும். ஆகவே வாழைக்கு அந்த ழ. பழவேற்காட்டிலிருந்து கூடையில் வருகிற வாளை மீனுக்குத் தொங்கல் கிடையாது, பட்டையாகக் கிடக்கும். கறை பட்டால் கீழே ஒழுகும், ற எழுத்தின் காலும் கீழே இறங்கும். கரை இறங்காமல் நிற்கும்.

முறை? மதகிலிருந்து தண்ணீர் கீழே இறங்குகிறது. அதனால் முறைக்கு இறங்குகிற ற. அந்த ஒரு வார்த்தையை அதற்குப் பிறகு நான் தப்பாக எழுதியதே இல்லை.

இதைச் சுலோச்சனாவிடம் சொன்னேன். "இப்படியெல்லாம் எந்த டீச்சரும் சொல்லிக் குடுக்க மாட்டாங்க" என்றாள். பாராட்டா கேலியா என்று இன்றுவரைக்கும் தெரியவில்லை.

மோவாய்

டீச்சர் கேட்ட ஆறு பேர் ஏற்கெனவே ஆகியிருந்தது. இருந்தும் சுலோச்சனாவுக்குத் திடீரென்று ஞானம் வந்து, "அண்ணி, நீயும் சொல்லு. உன்னையும் ஒண்ணா சேத்துக்கறேன்" என்று நோட்டோடு எதிரில் உட்கார்ந்தாள்.

சொன்னேன். முதல் முறை இன்னார், ரெண்டாவது இன்னார். அவள் தலையைக் குனிந்துகொண்டு எழுதினாள்.

"ஆறாவது வரதன் மாமா. அப்புறம்..." என்று மோவாயால் எங்கள் வீட்டுக் கூடத்தைக் காட்டினேன். "அதுக்கப்புறம் கோவிந்தன் அண்ணன்."

எழுதி முடித்து எண்ணினாள். "ஏழு பேருதான் வருது. இன்னா அண்ணி, நைனா பேரையே காணோம்? நம்ம ஊட்டையே உட்டுட்ட?"

"சொன்னேனே."

"எங்க சொன்ன?"

"மோவாயால காட்டுனேனே. நான் எப்படி அவங்க பேரை வாயால சொல்லுவேன்?"

சுலோச்சனா என்னைப் பார்த்தாள். அவள் நோட்டைப் பின்னால் புரட்டினாள். பார்வதி சொன்னதில் கோவிந்தன் பேர் இல்லை. கோவிந்தன் பார்வதியின் புருஷன். மற்ற மூன்று பேர் சொன்னதிலும் அவரவர் புருஷன் மட்டும் இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், இப்போதிருக்கிற பெண்களுக்குப் புரியாது. அந்தக் காலத்தில் புருஷன் பேரோ மாமனார் பேரோ வாயில் வராது. சொன்னால் அவர்கள் ஆயுசு குறையும் என்பார்கள். ரேஷன் கார்டு எழுத வந்தவர் என் புருஷன் பேரைக் கேட்டபோது நான் பதில் சொல்லாமல் உள்ளே ஓடி, அவருக்கு வந்த ஒரு தபால் கார்டைக் கொண்டுவந்து காட்டினேன். பக்கத்து வீட்டுப் பார்வதி முழங்கையை நீட்டினாள். அதில் அவள் புருஷன் பேர் பச்சை குத்தியிருந்தது. எழுதலாம், காட்டலாம், சொல்லத்தான் கூடாது. இங்கேயும் என் மாமனார் பேரை நான் எழுதாததைக் கவனித்திருப்பீர்கள். யாருக்குப் பயந்தோ அல்ல. கை போகவில்லை.

ஆக, ஆறு பெண்களும் எட்டு முறையையும் சரியாகத்தான் சொன்னோம். ஏழு முறையைப் பேராகச் சொன்னோம், ஒன்றை மோவாயால் சொன்னோம். தலையைக் குனிந்து எழுதுகிறவளுக்கு மோவாய் எங்கே தெரியும்?

"அப்போ தேசம்மா அக்கா..." என்றாள் சுலோச்சனா.

"அவங்க சொன்னதுல வரதன் மாமா பேரு ஏன் இல்ல, இப்ப தெரியுதா? உங்க நைனா விட்டதும் அந்தப் பேருதான். அவர் வேணும்னு விட்டாரு. அக்கா வாயில வராம விட்டாங்க. நீ ரெண்டையும் ஒண்ணுன்னு வச்சிட்ட."

என் வாழ்க்கையில் அதுவரைக்கும் ஒரே மூச்சில் நான் அவ்வளவு பேசினதில்லை.

சுலோச்சனா ரொம்ப நேரம் பென்சிலைக் கடித்தாள். "நைனா கொன்னுடுவாரு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா டீச்சர் கேப்பாங்க, ஏன் ஒருத்தர் சொன்னதும் இன்னொருத்தர் சொன்னதும் ஒத்து வரலன்னு. அதைக் கண்டுபுடிக்கறதுதான் ஆராய்ச்சின்னு சொல்லியிருக்காங்க" என்றாள். கடைசியில், "எழுதிடு. மார்க்கு வரும்" என்றாள்.

பாருங்கள், மார்க்குக்காக! எனக்கு எரிச்சல் வந்தது. ஆனால் எழுதச் சொல்லிவிட்டாளே என்று அதை விழுங்கிக்கொண்டேன்.

ஆறாவது முறை, வரதன், காலஞ்சென்றவர், இப்போது அவர் மனைவி தேசம்மா. ஒரு அடித்தல் இல்லாமல் எழுதினேன். ஏழாவது முறைக்கு மாமனார் பேரை எழுதினேன். முதல்தடவை அந்தப் பேரை என் கையால் எழுதினேன், தாள் வியர்வையில் நனைந்தது.

அந்தப் பக்கமாக வந்த மாமனார் எட்டிப் பார்த்தார். அவருக்குக் கையெழுத்துப் போடவும் பஸ் போர்டு படிக்கவும் தெரியும், அதற்கு மேல் பொறுமை கிடையாது.

"இன்னாம்மா, நான் சொன்னபடிதானே எழுதற?"

"ஆங்" என்றேன். பொய். அதுவும் ஒரு பேச்சா என்று நினைத்துக்கொண்டு இன்னும் குனிந்தேன்.

பஜனைக் கோயில் வாசலில்

அதோடு முடிந்திருக்கும். தாள் திருவள்ளூருக்குப் போயிருக்கும், டீச்சர் படித்திருப்பார், எங்கள் ஊரில் ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. தேசம்மா அக்காவின் பயிர் காய்ந்துபோயிருக்கும்.

கெடுத்தது, இல்லை, காப்பாற்றியது, என் மாமனாரின் பெருமைதான். மகள் எழுதிய கட்டுரை மாவட்டத்துக்கே போகப்போகிறது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பஜனைக் கோயில் வாசலில் முறைக்காரர்களோடு ஊர் ஆம்பிளைகளையும் கூட்டி, "படிச்சிக் காட்டு" என்று மகளை நிறுத்தினார். வெற்றிலைத் தட்டு வேறு. நாங்கள் பெண்கள் பூவரச மரத்தடியில் ஓரமாக நின்றோம். கடைசியில் தேசம்மா அக்கா நின்றாள்.

சுலோச்சனா நன்றாகத்தான் படித்தாள். ஏரியின் நீளம் அகலம், தண்ணீர் வழிகிற கலங்கல், மதகு, பேர் சொல்லும் வழக்கம் எல்லாம். "முதல் முறை, இரண்டாவது முறை" என்று வந்தாள். அஞ்சாவதில் நின்றாள். தொண்டையைச் செருமினாள். தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"அண்ணி, கையெழுத்து புரியல. நீ வந்து படி."

என் கையெழுத்து புரியவில்லையாம்! ஊரிலேயே புரிகிற கையெழுத்து அது ஒன்றுதான். கோழை! சோற்றுக்கு ஊறுகாய் இல்லை என்றால் ஊரைக் கூட்டுகிற வாய், அன்றைக்குப் பார்த்து அடைத்துக்கொண்டது.

பார்வதி என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். போனேன். எதிரில் இருபது ஆம்பிளைகள். எனக்குத் தாளும் தெரியவில்லை, தரையும் தெரியவில்லை. தேசம்மா அக்கா நின்ற பக்கம் பார்த்தேன். அவள் கழுத்தில் ஒன்றும் இல்லாமல், கைகளைக் கட்டிக்கொண்டு, வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆறாவது முறை, வரதன். காலஞ்சென்றவர். இப்போது அவர் மனைவி தேசம்மா."

மாமனார் வெற்றிலை மடிப்பதை நிறுத்தினார். "இன்னாது?" என்றார். "ஆறும் ஏழும் நம்மளுதுன்னு இல்ல சொன்னேன். அது செத்தவனோட போச்சு. மதகுல பேர் சொல்ல ஆள் இல்ல. மேல படி."

"ஏழாவது முறை..." என்றேன். நின்றுவிட்டேன்.

அடுத்து அவர் பேர்.

"படிம்மா!"

"ஏழாவது முறை..."

"இன்னா, அதுவும் புரியலியா?"

நீர்க்கட்டி மன்னார் தூணில் சாய்ந்திருந்தவர், மெதுவாகச் சிரிக்கத் தொடங்கினார். "அது எப்படிப் படிக்கும் நைனா? உங்க பேராச்சே. மருமவப்பொண்ணு வாயில வருமா?"

கூட்டம் சிரித்தது. நான் மண்ணுக்குள் போய்விடலாமா என்று பார்த்தேன். அப்போதுதான் பூவரச மரத்தடியிலிருந்து பார்வதியின் குரல் வந்தது. அவள் குரலுக்கு மைக் வேண்டாம்.

"பேர் சொல்ல ஆள் இல்லன்னா முறை போயிடும்னீங்களே மாமா. இப்ப உங்க முறையும் போச்சே!"

சிரிப்பு நின்றது. சுலோச்சனாவுக்கு அப்போதுதான் தைரியம் வந்து, என் கையிலிருந்து தாளைப் பிடுங்கி, பெண்கள் ஒவ்வொருத்தியும் சொன்ன பேர்களைப் படித்துக்காட்டினாள். ஒவ்வொரு முறைக்காரனும் தன் சம்சாரம் சொன்னதில் தன் பேரைத் தேடினான். கோவிந்தன், "ஏய், என் பேரை உட்டுட்டியா?" என்று கேட்க, "உன்னை முழங்கையில வச்சிக்கினு கீறேன், போதாதா?" என்றாள் பார்வதி. வரதன் மாமா பேர் அஞ்சு பேர் சொன்னதில் இருந்தது. ஒருத்தி சொன்னதில்தான் இல்லை. அவள் யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

மாமனார் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. "மன்னாரு, வர ஆறாம் நாளு அவங்களுக்குத் தொறந்து உடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

என்னோடு பத்து நாள் பேசவில்லை. சாப்பாட்டில் மறுசோறு கேட்கவில்லை. நானாகப் போட்டால் சாப்பிட்டார்.

காலையில் கேட்ட குரல்

ஆறாம் நாள் காலையில் நான் அடுப்பு மூட்டவில்லை. பின்பக்கப் படல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பனி விலகவில்லை. மதகின் மேல் மன்னார் நிற்பது மட்டும் தெரிந்தது.

"இன்னிக்கு யார் முறை?"

பதில் இல்லை.

"யார் முறை?"

இல்லை. ஏரியில் கொக்கு ஒன்று எழுந்து போனது. எனக்கு ஆத்திரமாக வந்தது. இவ்வளவு பாடுபட்டு எழுதி, இருபது ஆம்பிளை முன்னால் மானத்தை விட்டுப் படித்து, கடைசியில் இவள் வாயைத் திறக்காமல் நிற்கப் போகிறாளா? திறந்து தொலையேன், அக்கா!

மூன்றாவது தடவை மன்னார் கேட்டார்.

"என் முறைய்யா! தேசம்மா முறை! இன்னாத்துக்கு மூணு தரம் கேக்கற? தொறய்யா மதகை!"

பலகை தூக்குகிற சத்தம் கேட்டது. பிறகு தண்ணீர்.

சிவப்பு மை

கட்டுரை திருவள்ளூரிலிருந்து பங்குனியில் திரும்பி வந்தது. பரிசு ஒன்றும் வரவில்லை. வேறு யாரோ கோயில் சிற்பத்தைப் பற்றி எழுதினவளுக்குக் கொடுத்துவிட்டார்களாம். ஆனால் டீச்சர் முழுக்கப் படித்திருந்தார். இருபது பக்கத்தில் நாலே நாலு இடத்தில் சிவப்பு வட்டம். மூன்று இடம் என் எழுத்துப் பிழை. ஏரிக்கரை எல்லா இடத்திலும் கறையில்லாமல் இருந்தது.

நாலாவது வட்டம் கடைசிப் பக்கத்தில். தகவல் சொன்னவர்கள் என்ற தலைப்பின் கீழ் மாமனார், தேசம்மா, பார்வதி, மற்ற மூன்று பெண்கள், எல்லார் பேரும் வரிசையாக இருந்தது. ஏழாவதாக, அண்ணி என்று இருந்தது. அதைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் டீச்சர் கேட்டிருந்தார்: இது பெயரா?

அவளுடைய நோட்டில் அவள் எழுதியிருந்ததை நான்தான் பார்த்து, அழகாக, முத்து முத்தாக, பிழையில்லாமல் எழுதியிருக்கிறேன். கொஞ்சம்கூட உறைக்கவில்லை. யாருக்கு எந்த நாளென்றுகூடத் தெரியாதா என்று எங்களைத் திட்டின சுலோச்சனாவுக்கு, நாலு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும், என் பேர் எழுத வரவில்லை. எனக்கே வரவில்லையே, அவளை என்ன சொல்ல?

"அய்யோ அண்ணி," என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துவிட்டு, காதோரம் செருகியிருந்த பென்சிலை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

அடுப்படிச் சுவரில் இன்னும் அந்த இருபது ஜோடி கரியில் இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. அண்ணியை ஒரு கோடு போட்டு அடித்தேன். பக்கத்தில் கன்னியம்மா என்று எழுதினேன்.

சுலோச்சனா தாளை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள். கிழிக்கவில்லை.